நிபுணர் சொன்னதை எப்படிச் சோதிப்பது?

"பெரிய டாக்டரே சொல்லிட்டார்" என்று முடியும் வாட்ஸ்அப் தகவலையும், "விஞ்ஞானிகள் எல்லாம் கம்பெனிக்காரனிடம் காசு வாங்கியவர்கள்" என்று தொடங்கும் தகவலையும் குடும்பக் குழுவில் போடுவது பல நேரம் ஒரே ஆள்தான். இரண்டிலும் ஆளைப் பற்றிய தீர்ப்பு இருக்கிறது. சொன்ன விஷயத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒரு மனிதர் யோக்கியரா என்று வீட்டில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்க முடியாது. அவர் சொன்ன ஒரு வாக்கியம் தேறுமா என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரே நிபுணர் ஒரே பேட்டியில் சொல்லும் மூன்று வாக்கியங்களில் ஒன்று உறுதியானதாகவும், ஒன்று ஊகமாகவும், ஒன்று அவர் துறைக்கே சம்பந்தம் இல்லாததாகவும் இருக்கலாம். அதனால் கீழே உள்ளதெல்லாம் வாக்கியத்தைப் பிடித்துச் சோதிக்கும் முறை. ஒரு கைபேசியும் அரை மணி நேரமும் போதும்.

சோதித்துக்கொண்டிருக்கக் கூடாத நேரங்கள்

நாய்க்கடி, பாம்புக்கடி, நெஞ்சுவலி, திடீரென வாய் கோணிப் பேச்சு குழறுவது. இவற்றில் இணையத்தைத் திறக்க வேண்டாம். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும். வெறிநோயின் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்ற வழி கிட்டத்தட்ட இல்லை. பாம்புக்கடிக்கும் அப்படியே: விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைதான் முதல் இடம், மந்திரிப்பவர் வீடு அல்ல.

எவ்வளவு சோதிக்க வேண்டும் என்பதற்கு இரண்டு கேள்விகள்தான் அளவுகோல். தவறினால் திருத்த முடியுமா? முடிவெடுக்க எவ்வளவு நேரம் இருக்கிறது? காலையில் வெந்தய நீர் குடிக்கலாமா என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம். கர்ப்பப்பையை எடுக்கலாம் என்று சொல்லி, அவசரமும் இல்லை என்றால், ஒரு வாரம் செலவழித்துச் சோதிப்பதில் தப்பே இல்லை.

கூற்றை ஒரே வரியில் எழுதுங்கள்

யாருக்கு, எது, எவ்வளவு, எதோடு ஒப்பிட்டு. இந்த நான்கும் வரும்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால், சோதிக்கும் அளவுக்கு அதில் சரக்கு இல்லை என்று பொருள். "உடம்பில் உள்ள நச்சை வெளியேற்றும்" என்பது அப்படி ஒன்று. எந்த நச்சு, எவ்வளவு, எதன் வழியாக என்று கேட்டால் பதில் வராது.

2015 அக்டோபரில் வந்த ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். பதப்படுத்திய இறைச்சி (சாசேஜ், பேக்கன், சலாமி போன்றவை) புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டது. சேர்த்தது உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை. 22 நிபுணர்கள் 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்து எடுத்த முடிவு. புகையிலையும் அதே வகுப்பில் இருப்பதால், "சாசேஜும் சிகரெட்டும் ஒன்று" என்று தலைப்புகள் ஓடின.

அந்த வகுப்பு சொல்வது ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதை. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அது சொல்வதில்லை. எவ்வளவு என்பதற்கு அதே முகமை தனியாக ஒரு எண் கொடுத்தது: தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும். இந்த 18 எதன்மேல் கூடுகிறது என்று கேட்க வேண்டும். வாழ்நாளில் 1,000 பேரில் 50 பேருக்கு அந்த நோய் வரும் ஊர் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், 50 என்பது 59 ஆகும். நம் நாட்டில் இந்த நோய் மேலை நாடுகளைவிடக் குறைவு என்பதால் கூடுவதும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். அப்போது உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்காட்டிய மதிப்பீட்டின்படி, பதப்படுத்திய இறைச்சி அதிகமாக உண்பதால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 34,000 புற்றுநோய் மரணங்கள். புகையிலையால் சுமார் 10 லட்சம். நிபுணர்கள் சொன்னது சரி. அதற்கும் தலைப்புக்கும் நடுவில்தான் பிசகு.

சதவீதம் எங்கே கண்ணில் பட்டாலும் அதை "ஆயிரம் பேரில் எத்தனை பேர்" என்று மாற்றி எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் பழகுவதென்றால் இதைப் பழகுங்கள்.

அளவு என்ற சொல்லை மறந்துவிடுவது நம் ஊர் வைத்தியக் குறிப்புகளிலும் உண்டு. மஞ்சளில் உள்ள குர்குமின் பற்றிய ஆய்வுகள் ஏராளம். ஆனால் மஞ்சள் தூளின் எடையில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். பாலில் அரைத் தேக்கரண்டி (ஒன்றரை கிராம்) போட்டால் கிடைப்பது 45 மில்லிகிராம். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது 500 மில்லிகிராமும் அதற்கு மேலும். அதிலும் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லின்மேல் குர்குமினை நேராக ஊற்றிப் பார்த்த ஆய்வு, மஞ்சள் பால் குடிப்பவருக்கு ஒன்றும் சொல்வதில்லை. மஞ்சள் பால் கெடுதல் என்று இதற்கு அர்த்தமில்லை. இருமலோடு படுக்கப் போகும்போது இதமாக இருக்கும், குடியுங்கள்.

அவர் எந்தக் கேள்விக்கு நிபுணர்?

பட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு இருக்கிறது. பெயரையோ பதிவு எண்ணையோ போட்டால் அலோபதி மருத்துவரின் பதிவு தெரியும். யூடியூபில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருப்பது முனைவர் பட்டமாகவும் இருக்கலாம். இது இரண்டு நிமிட வேலை. இதற்கு அடுத்ததுதான் பலர் தவறவிடும் இடம்: அவர் படித்ததும் நாம் கேட்பதும் ஒன்றுதானா?

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலைக்குள் வரவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். நியூட்ரினோ என்பது எதையும் ஊடுருவிப் போகும் மிக நுண்ணிய துகள். நியூட்ரினோ பாய்ந்தால் புற்றுநோய் வரும், பயிர் கருகும் என்று ஒரு பக்கம் பயம் பரவியது. இயற்பியலாளர்கள் சொன்ன பதில் மிகச் சரியானது: சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் கட்டைவிரல் நகத்தின் வழியாக நொடிக்குச் சுமார் 6,500 கோடி போய்க்கொண்டே இருக்கின்றன, ஒன்றும் ஆவதில்லை, ஆய்வகம் அவற்றைப் பிடித்துப் பார்க்கப்போகிறதே தவிர உண்டாக்கப்போவதில்லை. இந்த வாக்கியத்தை முழுதாக நம்பலாம்.

ஆனால் மலையைக் குடைந்து 2 கிலோமீட்டர் சுரங்கம் போடும்போது வெடி வைப்பதால் பாறைக்கும் ஊற்றுக்கும் என்ன ஆகும், காட்டு விலங்குகள் நடமாட்டம் என்ன ஆகும் என்பதற்கு அந்த இயற்பியலாளரின் பட்டம் செல்லாது. அதற்கு நிலவியலும் நீரியலும் காட்டுயிரியலும் படித்தவர்கள் வேண்டும். 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் முந்தைய அனுமதியை நிறுத்திவைத்தபோது பேச்சு கதிர்வீச்சைப் பற்றியதல்ல. 5 கிலோமீட்டருக்குள் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருப்பதைப் பற்றியது. பின்னர் புதிய அனுமதி கிடைத்தும், 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் மறுப்புத் தெரிவித்தபோது காட்டிய காரணம் புலிகளின் வழித்தடம். ஆதரித்த பலர் முதல் கேள்விக்கான பதிலை வைத்து இரண்டாவதையும் முடித்துவிடப் பார்த்தார்கள். எதிர்த்த பலர், இரண்டாவது கேள்வி நியாயமாக இருந்தும், முதலாவதில் இல்லாத பூதத்தைக் காட்டினார்கள்.

எவ்வளவு பெரிய ஆளும் இதற்கு விலக்கில்லை. லைனஸ் பாலிங் 1954-இல் வேதியியலுக்கு நோபல் வாங்கியவர். 1970 முதல் வைட்டமின் சி அதிக அளவில் சாப்பிட்டால் சளி வராது என்று சொன்னார். 11,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனைகளைக் காக்ரேன் என்ற ஆய்வுக்குழு ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. தினமும் வைட்டமின் சி சாப்பிட்டாலும் சாதாரண மக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி பெரியவர்களுக்கு 8 சதவீதம் சீக்கிரம் போனது. 7 நாள் சளியில் அது சுமார் அரை நாள். ஒரு தனி மேதையின் கருத்தும், பலர் செய்த சோதனைகளின் தொகுப்பும் மோதினால் தொகுப்பின் பக்கம் நில்லுங்கள்.

வாக்கியம் வந்த வழியே திரும்பிப் போங்கள்

செய்தி எங்கிருந்து எடுத்தது, அது எங்கிருந்து எடுத்தது என்று கடைசிவரை போக வேண்டும். நடுவழியில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நிபுணர்களே மாட்டிக்கொண்ட உதாரணம் இருக்கிறது.

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் 2007 அறிக்கையில், இமயமலைப் பனிப்பாறைகள் 2035-க்குள் காணாமல் போகும் வாய்ப்பு மிக அதிகம் என்று ஒரு பத்தி வந்தது. அது ஆய்விதழிலிருந்து வந்ததல்ல. உலகக் காட்டுயிர் நிதியத்தின் 2005 அறிக்கையிலிருந்து வந்தது. அந்த அறிக்கை எடுத்தது 1999-இல் ஓர் அறிவியல் வார இதழில் வந்த செய்தியிலிருந்து. அதே பத்தியில், பனிப்பாறைப் பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 1 லட்சமாகச் சுருங்கும் என்றும் இருந்தது. இமயத்தில் உள்ள பனிப்பாறைப் பரப்போ இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 5 லட்சம் என்பது துருவங்களுக்கு வெளியே உலகம் முழுவதும் உள்ள பனிப்பாறைகளுக்கு 1996-இல் ஒரு ரஷ்ய ஆய்வாளர் சொன்ன எண். அவர் சொன்ன ஆண்டு 2350. கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் பிடித்திருக்கக்கூடிய தவறு, பல கட்டப் பரிசீலனையைத் தாண்டிப் போய்விட்டது. 2010 ஜனவரி 20 அன்று குழு தவறை ஒப்புக்கொண்டது.

இதிலிருந்து "காலநிலை மாற்றமே கட்டுக்கதை" என்று முடிவு கட்டியவர்களும் அதே தவறைத்தான் செய்தார்கள். ஒரு வாக்கியத்தின் கதையை முழு அறிக்கைக்கும் ஏற்றினார்கள். காத்மாண்டுவில் உள்ள மலைவள மேம்பாட்டு மையம் 2019-இல் வெளியிட்ட விரிவான மதிப்பீட்டின்படி, புவி வெப்பம் 1.5 டிகிரியோடு நின்றாலும் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இந்துகுஷ் இமயப் பகுதிப் பனியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பனிப்பாறைகள் உருகுவது உண்மை, 2035 பொய்.

மருத்துவச் செய்தியானால் திரும்பிப் போகும் வழி இது. செய்தியில் ஆய்விதழின் பெயரோ ஆய்வாளர் பெயரோ இருக்கும்; அதையும் நோயின் பெயரையும் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் 'பப்மெட்' தளத்தில் தேடினால் சுருக்கம் இலவசமாகக் கிடைக்கும். சுருக்கத்தில் நான்கு இடங்களைப் பாருங்கள். சோதித்தது செல்லிலா, எலியிலா, மனிதரிலா? எத்தனை பேர்? மருந்து கொடுக்காத ஒப்பீட்டுக் குழு இருந்ததா, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா? அளந்தது நோயாளி உணரும் ஒன்றையா (மாரடைப்பு, மரணம், வலி), அல்லது ரத்தத்தில் உள்ள ஒரு எண்ணை மட்டுமா? எலி என்று இருந்தால் அங்கேயே மூடிவிடலாம். 20 பேர், ஒப்பீட்டுக் குழு இல்லை என்றாலும் அப்படியே. தானாக ஆறும் நோய் எந்த மருந்து கொடுத்தாலும் ஆறும். பக்கத்தின் மேலே 'ரிட்ராக்டட்' என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்று அர்த்தம்.

இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு 2007 முதல் இருக்கிறது. "எங்கள் மருந்து கிளினிக்கலாக நிரூபிக்கப்பட்டது" என்று விளம்பரம் செய்பவரிடம் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கிடைத்தால், பதிவு செய்த தேதி முதல் நோயாளியைச் சேர்த்த தேதிக்கு முந்தியதா என்று பாருங்கள். எதை அளக்கப்போகிறோம் என்று பதிவேட்டில் சொன்னதும் விளம்பரத்தில் சொல்வதும் ஒன்றா என்றும் பாருங்கள். வலி குறையுமா என்று தொடங்கி, அது குறையாததால் "தூக்கம் மேம்பட்டது" என்று முடித்திருப்பார்கள்.

கண்ணெதிரே செய்துகாட்டும் சோதனை

வீட்டுக்கு வந்து ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் விற்பவர் கையில் பேனா மாதிரி டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) மீட்டரும், நான்கு உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மின்கருவியும் இருக்கும். உங்கள் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர், அவருடைய ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டம்ளர். கம்பிகளை இரண்டிலும் இறக்கிச் சுவிட்சைப் போட்டால், ஓரிரு நிமிடத்தில் உங்கள் தண்ணீர் பழுப்பாகி மேலே சேறு மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக இருக்கும். "இதைத்தான் தினமும் குடிக்கிறீர்கள் மேடம்" என்பார்.

அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததல்ல. கம்பிகளில் ஒன்று இரும்பு, ஒன்று அலுமினியம். உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும்போது இரும்பு கரைந்து, துருவாகத் திரண்டு மிதக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாக ஓடாது, கம்பி கரையாது. அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். (வீட்டு மின்சாரத்தில் ஓடும் கருவி. அவரே செய்யட்டும்; தண்ணீரில் விரல் வைக்க வேண்டாம்.)

மீட்டர் பொய் சொல்வதில்லை, ஆனால் அது சொல்வது மிகக் கொஞ்சம். தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிக் கரைந்த உப்பின் அளவாகக் காட்டுகிறது. கிருமியோ பூச்சிக்கொல்லியோ இருப்பது அதற்குத் தெரியாது. ஃபுளோரைடு எவ்வளவு, ஆர்செனிக் எவ்வளவு என்று பிரித்துக் காட்டவும் தெரியாது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இன்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. ஃபுளோரைடுக்கு முறையே 1, 1.5 மில்லிகிராம். நைட்ரேட்டுக்கு 45, அதில் தளர்வே கிடையாது. 100 மில்லி தண்ணீரில் ஈ-கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. மீட்டரில் 900 காட்டும் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரித்தாலும் கெடுதல் செய்யாமல் இருக்கலாம். 300 காட்டும் தண்ணீரில் 2 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்து குழந்தையின் பல்லைக் கறையாக்கிக்கொண்டிருக்கலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் இது உண்மையான பிரச்சினை. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்க வந்ததுதான். அங்கே தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பயனில்லை. கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக அது இன்னும் செறிவாகும். ஆர்.ஓ. அதை நீக்கும். ஆக விற்பவர் சில ஊர்களில் தவறான காரணம் சொல்லிச் சரியான பொருளை விற்கிறார். காவிரி நீர் நகராட்சிக் குழாயில் வரும் ஊரிலோ, கிடைக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடும் இயந்திரத்தைத் தேவையில்லாமல் விற்கிறார்.

சரியான வழி, பரிசோதனைக்கூடத்தில் கொடுப்பது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு. கட்டணம் கட்டினால் பொதுமக்களுக்கும் சோதித்துத் தருவார்கள். ரசாயனப் பரிசோதனைக்கு 2 லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேன், அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, நிரம்பப் பிடித்து மூட வேண்டும். கிருமிப் பரிசோதனைக்குக் கேன் ஆகாது. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலை வாங்கிக்கொள்ளுங்கள், அதை அலசக் கூடாது. குழாய் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டில் வாயிலும் மூடியின் உட்புறத்திலும் விரல் படாமல் பிடித்து, ஐஸ் வைத்த பையில் அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலும் கெடும்: முந்தின நாள் பிடித்து வெயிலில் வைத்த பாட்டிலில் வரும் முடிவு உங்கள் கிணற்றைப் பற்றிச் சொல்லாது. அறிக்கை வந்தால் டி.டி.எஸ். வரியை விட்டுவிட்டு முதலில் ஃபுளோரைடு, நைட்ரேட், ஈ-கோலை வரிகளைப் படியுங்கள்.

பணம் எங்கிருந்து வந்தது

1967-இல் அமெரிக்காவின் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில், இதயநோய்க்குக் கொழுப்பே முக்கியக் காரணம் என்று சர்க்கரையின் பங்கைக் குறைத்துக் காட்டும் ஆய்வுத் தொகுப்பு வந்தது. எழுதியவர்கள் ஹார்வர்டு பேராசிரியர்கள். அவர்களுக்குச் சர்க்கரை ஆலைகளின் ஆராய்ச்சி அமைப்பு 6,500 டாலர் கொடுத்தது 2016-இல்தான் வெளியே வந்தது. அந்தக் காலத்தில் யார் பணம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இப்போது உண்டு: கட்டுரையின் கடைசியில் நிதி, நலன் முரண் என்ற இரண்டு பத்திகள் இருக்கும். கம்பெனிப் பணம் என்றாலே பொய் என்று எடுத்துக்கொண்டால் எந்த மருந்தையும் சாப்பிட முடியாது, ஏனென்றால் பெரும்பாலான மருந்துச் சோதனைகளுக்குக் கம்பெனிதான் செலவு செய்கிறது. பணம் வாங்காதவர்களும் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்களா என்பதே கேள்வி.

பாட்டிலில் அச்சடித்த அரசு எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க எண் உணவுப் பொருள் தயாரிக்க, விற்க உரிமம். முறுக்குப் பாக்கெட்டிலும் அது உண்டு. சர்க்கரை நோய் குணமாகும் என்பதற்கு அது சான்று ஆகாது. பழைய நூல்களில் உள்ள சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரிக்க உரிமம் வாங்கவும் புதிதாக நோயாளிகளிடம் சோதித்துக் காட்டத் தேவையில்லை.

நிபுணர் மாற்றிப் பேசினால்

"நேற்று ஒன்று, இன்று ஒன்று" என்று கோபப்படுவதற்கு முன், எது மாறியது என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 28 அன்று கொரோனா காற்றில் பரவுவதில்லை என்று அடித்துச் சொன்னது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் தங்கள் பெயரைப் போட்டு, ஆதாரத்தோடு, பரவுகிறது என்று திறந்த கடிதம் எழுதினார்கள். நிறுவனம் மெல்ல மெல்லத்தான் இறங்கிவந்தது. இதில் குற்றம் முதல் கருத்துத் தவறானதில் இல்லை. ஆதாரம் போதாதபோது அவ்வளவு உறுதியான சொல்லில் சொன்னதில் இருக்கிறது. "இப்போது தெரிந்தவரை" என்று தொடங்கும் நிபுணரை இன்னும் கொஞ்சம் நம்பலாம்.

தவறு பிடிபட எவ்வளவு காலம் ஆகும் என்பது இடத்துக்கு இடம் மாறும். தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998 கட்டுரை வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. வெளியிட்ட மருத்துவ இதழ் அதைத் திரும்பப் பெற 12 ஆண்டு ஆனது. அதே இதழ் 2020 மே 22 அன்று வெளியிட்ட, கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கொடுப்பது பற்றிய கட்டுரை, தரவு எங்கிருந்து வந்தது என்று மற்றவர்கள் குடைந்ததில், ஜூன் 4 அன்றே திரும்பப் பெறப்பட்டது. புதிதாக வந்த ஒற்றை ஆய்வை வைத்து மாத்திரையை நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.

இரண்டு குழு, இரண்டு விடை

மேற்குத் தொடர்ச்சி மலையில் எந்தப் பகுதியை எப்படிப் பாதுகாப்பது என்று மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-இல் அறிக்கை கொடுத்தது. மலைத்தொடர் முழுவதையும் சூழல் உணர்திறன் மிக்க (எளிதில் சீர்கெடக்கூடிய) பகுதியாக எடுத்து மூன்று மண்டலமாகப் பிரித்தது. கஸ்தூரிரங்கன் குழு 2013-இல் 37 சதவீதத்தை மட்டும், சுமார் 60,000 சதுர கிலோமீட்டரை, அப்படி அறிவிக்கச் சொன்னது. "நிபுணர்களுக்கே ஒற்றுமை இல்லை" என்று இரு தரப்பும் தமக்குப் பிடித்த அறிக்கையை எடுத்துக்கொண்டன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அளவுகோலே வேறு. முதல் குழு மலைத்தொடர் என்று எடுத்துக்கொண்ட பரப்பு சுமார் 1,29,000 சதுர கிலோமீட்டர். இரண்டாவது எடுத்தது சுமார் 1,64,000. இரண்டாவது குழு ஊரும் தோட்டமும் வயலும் உள்ள பகுதியைச் செயற்கைக்கோள் படத்தில் தனியே கழித்துவிட்டு, மீதியிலிருந்து பொறுக்கியது. முதலாவது, தேயிலைத் தோட்டமும் மலையின் பகுதிதான் என்று கொண்டு, முடிவைக் கிராம சபைகளிடம் கொண்டுபோகச் சொன்னது. எந்தச் சரிவில் எவ்வளவு மழை, எங்கே எந்த உயிரினம் என்பதில் நிபுணர் பேச்சு செல்லும். மனிதர் வாழும் நிலத்துக்கு எவ்வளவு கட்டுப்பாடு நியாயம் என்பது அறிவியல் விடை சொல்லும் கேள்வியே இல்லை. அதில் கூடலூர் விவசாயியின் குரலும் பேராசிரியரின் குரலும் சம எடை. அறிக்கை படிக்கும்போது "இருக்கிறது" என்று முடியும் வரிகளையும் "வேண்டும்" என்று முடியும் வரிகளையும் வேறு வேறு நிறத்தில் அடிக்கோடிட்டால் இது பளிச்சென்று தெரியும்.

டாக்டர் அறையில்

பேச ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். "டாக்டர், இதை இப்போது செய்யாமல் மூன்று மாதம் பார்த்தால் என்ன ஆகும்?" "என்னை மாதிரி நூறு பேர் இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் எத்தனை பேருக்குப் பலன், எத்தனை பேருக்குத் தொந்தரவு?" இரண்டாவதற்குத் துல்லியமான எண் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கேள்வியைக் கேட்டு எரிந்து விழுகிறாரா, யோசிக்கிறாரா என்பதிலேயே கொஞ்சம் தெரிந்துவிடும். கணக்கு இப்படி: பத்தாண்டில் மாரடைப்பு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 10, மாத்திரை அதை 25 சதவீதம் குறைக்கும் என்றால் 10 என்பது 7.5 ஆகும். 40 பேர் பத்தாண்டு சாப்பிட்டால் ஒருவருக்கு மாரடைப்பு தடுக்கப்படும். சாப்பிடத்தான் வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றும், வேண்டாம் என்று இன்னொருவருக்குத் தோன்றும்.

மாஸ்டர் ஹெல்த் செக்கப் வேறு ரகம். ஆய்வக அறிக்கையில் வரும் 'இயல்பு அளவு' என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் எல்லை. நல்ல உடம்புக்காரருக்கும் ஒவ்வொரு பரிசோதனையிலும் இருபதில் ஒரு வாய்ப்பு, எண் வெளியே போக. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை செய்தால், ஏதாவது ஒன்றாவது தடித்த எழுத்தில் வரும் வாய்ப்பு 64 சதவீதம். அதைப் பார்த்துப் பதறி அடுத்த ஸ்கேனுக்கு ஓடாமல், சில வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் அந்த ஒன்றை மட்டும் திரும்பச் செய்யலாமா என்று கேளுங்கள்.

பேக்கேஜில் 'கேன்சர் மார்க்கர்' (புற்றுநோயைக் காட்டும் என்று சொல்லப்படும் ரத்தப் பரிசோதனை) சேர்த்திருந்தால் இன்னும் கவனம். 1,000 பேரில் 10 பேருக்கு நோய் இருக்கிறது, பரிசோதனை அதில் 9 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 990 பேரில் 9 சதவீதத்தைத் தவறாகக் காட்டும் என்று வைத்தால், பாசிட்டிவ் வருவது 98 பேருக்கு. அதில் நோயுள்ளவர் 9 பேர்தான். இந்த மார்க்கர்களில் சி.ஏ. 125 மாதவிடாய் நேரத்திலும் கர்ப்பத்திலும் கூடும்; சி.இ.ஏ. புகைபிடிப்பவருக்குக் கூடும், பி.எஸ்.ஏ. சிறுநீர்த் தொற்றிலும் வயதில் வரும் புராஸ்டேட் வீக்கத்திலும் கூடும். அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாதவர் இவற்றைப் பேக்கேஜிலிருந்து எடுத்துவிடச் சொல்லலாம்.

பெரிய அறுவை சிகிச்சை, கீமோ என்று வந்தால் இரண்டாவது கருத்துக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. முதல் டாக்டரின் முடிவைச் சொல்லாமல், அறிக்கைகளை மட்டும் கொடுத்துக் கேளுங்கள். சொல்லிவிட்டால் அடுத்தவர் தலையாட்டிவிட வாய்ப்பு அதிகம். அவர் முதல் டாக்டரின் மருத்துவமனையில் இல்லாதவராக இருக்கட்டும். ஸ்கேன் என்றால் ஃபிலிமும் எழுத்து அறிக்கையும் போதாது, படங்கள் முழுதும் உள்ள சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். பயாப்ஸி என்றால் கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகில் பதித்த திசுக்கட்டியையும் ஆய்வகம் தரும். வேறொரு நோய்க்குறியியல் மருத்துவர் அதே திசுவைப் புதிதாகப் பார்க்கலாம். இரண்டு கருத்தும் முரண்பட்டால் மூன்றாவது ஆளைத் தேடும் முன், இருவரும் பார்த்த ஸ்கேன் தேதி ஒன்றுதானா என்று சரிபாருங்கள்.